வைரஸ் தேடும் சர்க்கரையை ஸ்டீராய்டு மாற்றுமா?

இப்படி ஒரு கதையை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கேட்டிருப்பீர்கள். பாட்டிக்குத் தீராத முழங்கால் வலி. பாசார் மாலாமில் யாரோ விற்ற மூலிகை மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டார். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் அதைப் பற்றிச் சொன்னார். சில மாதங்களில் முகம் உப்பி வட்டமானது, கைகால்கள் மெலிந்தன, கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை எகிறியிருந்தது. அந்த மாத்திரையில் மூலிகை இருந்ததோ இல்லையோ, டெக்சாமெத்தாசோன் என்னும் ஸ்டீராய்டு இருந்தது. இத்தகைய கலப்பட மாத்திரைகளைப் பற்றி மலேசியச் சுகாதார அமைச்சும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் பல முறை எச்சரித்துள்ளன.

அதே டெக்சாமெத்தாசோன்தான் 2020ஆம் ஆண்டில், கோவிட்-19 நோயாளிகளின் மரணத்தைக் குறைப்பதாகப் பெரிய ஆய்வொன்றில் நிரூபிக்கப்பட்ட முதல் மருந்து. ஒரே மருந்து ஓரிடத்தில் உயிரைக் காக்கிறது, இன்னோரிடத்தில் உடலைக் கெடுக்கிறது.

'ஸ்டீராய்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறும்' என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். அது இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ். இந்த வாரம் நாம் பேசப்போவது வேறொரு சர்க்கரையைப் பற்றி. அது இரத்தத்தில் எரிபொருளாக ஓடுவதில்லை. உயிரணுவின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காய்ச்சல் வைரஸ் முதலில் கைவைப்பது அதன்மேல்தான். ஸ்டீராய்டு அந்தச் சர்க்கரையையும் மாற்றுமா, மாற்றினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதே கேள்வி. விடையைவிட, விடையை நோக்கி எப்படிப் போவது என்பதுதான் இதில் சுவையானது.

பாடநூலில் நாம் கவனிக்காத கிளைகள்

படிவம் 4 மாணவர்கள் உயிரியல் பாடநூலில் உயிரணுச் சவ்வின் படத்தைப் பாருங்கள். மலாயில் 'மோசேக் பெண்டாலிர்' மாதிரி என்று படித்திருப்பீர்கள். இரண்டு அடுக்குக் கொழுப்பு, நடுவே மிதக்கும் புரதங்கள் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தப் புரதங்களின் தலையில் சிறு மணிகளைக் கோத்ததுபோல் சில கிளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேர்வில் பெயர் எழுதச் சொன்னால் 'கிளைக்கோபுரதம்' என்று எழுதிவிட்டு மறந்துவிடுவோம். படத்தில் நான்கைந்து கிளைகள்தான் வரைவார்கள். உண்மையில் உயிரணுவின் வெளிப்புறம் காடுபோல் சர்க்கரைக் கிளைகளால் மூடியிருக்கிறது.

இந்தக் கிளைகளின் நுனியில் உள்ள ஒரே ஒரு சர்க்கரை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை உங்கள் இரத்த வகையிலேயே காணலாம். இரத்த வகை ஏ, பி, ஓ என்பதெல்லாம் சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைக் கிளையின் நுனியைப் பொறுத்தவை. ஓ வகையினரிடம் உள்ள கிளையின் நுனியில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை ஒன்று கூடுதலாக ஒட்டினால் அது பி வகை. அதற்குச் சற்று மாறுபட்ட மற்றொரு சர்க்கரை ஒட்டினால் ஏ வகை. அந்த ஒற்றைச் சர்க்கரையைக் கவனிக்காமல் தவறான இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

நம் கதைக்கு வேண்டிய சர்க்கரையின் பெயர் சயாலிக் அமிலம். குளுக்கோஸில் ஆறு கார்பன் அணுக்கள், இதில் ஒன்பது. எதிர்மின் ஏற்றம் உடையது. பெரும்பாலும் கிளையின் கடைசி நுனியில், வெளியுலகை முதலில் சந்திக்கும் இடத்தில் நிற்கும். எச்சிலில் இது மிகுதி. 'சயாலிக்' என்ற பெயரே எச்சிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டில் கடைத்தெருவிலேயே இதை விலைகொடுத்து வாங்கலாம் என்றால் நம்புவீர்களா? உழவாரக் குருவி, அதாவது மலாயில் 'வாலிட்', தன் எச்சிலால் கட்டும் கூட்டைத்தான் சீனர்கள் விலையுயர்ந்த சூப்பாகக் குடிக்கிறார்கள். அந்தக் கூட்டின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சயாலிக் அமிலம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்ஃபுளுவென்சா வைரஸின் நொதியைச் சோதிக்க இந்தக் கூட்டிலிருந்து எடுத்த பொருளையே பயன்படுத்தினார்கள். கூட்டுச் சூப் குடித்தால் காய்ச்சல் வராது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். வயிற்றுக்குள் போகும் சர்க்கரை வேறு, மூச்சுக்குழாய்ச் சுவரில் நிற்கும் சர்க்கரை வேறு.

முட்டைக்குள் கட்டிய இரத்தம்

வைரஸ் சர்க்கரையைப் பிடிக்கிறது என்பது எப்படித் தெரிந்தது? 1941இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் கோழிமுட்டைக் கருவுக்குள் இன்ஃபுளுவென்சா வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். முட்டையிலிருந்து திரவத்தை எடுக்கும்போது கருவின் இரத்தக் குழாய் கிழிந்து சிறிது இரத்தம் கலந்துவிட்டது. கலந்த இரத்தம் சீராகப் பரவாமல் சிறுசிறு கட்டிகளாகத் திரண்டதைக் கண்டார். வேறொருவராக இருந்தால் வேலை கெட்டுவிட்டதே என்று அந்த முட்டையைத் தூக்கி எறிந்திருப்பார். ஹர்ஸ்ட் காரணம் தேடினார். வைரஸ் ஒவ்வொன்றும் பல சிவப்பணுக்களை ஒரே நேரத்தில் பிடித்து ஒன்றோடொன்று இணைக்கிறது, அதனால்தான் கட்டி. வைரஸ் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இந்தக் கட்டி சோதனை இன்றும் பயன்படுகிறது.

அடுத்து அவர் கண்டது இன்னும் விந்தையானது. குளிரில் வைத்தால் வைரஸ் சிவப்பணுவை இறுகப் பிடித்துக்கொண்டது. உடல் வெப்பமான 37 பாகை செல்சியஸுக்குக் கொண்டுவந்தால் சிறிது நேரத்தில் தானே விட்டுவிட்டது. விட்ட வைரஸைப் புதிய சிவப்பணுக்களோடு சேர்த்தால் மீண்டும் பிடித்தது. ஆனால் அது ஒருமுறை பிடித்து விட்ட பழைய சிவப்பணுக்களை, புது வைரஸைச் சேர்த்தாலும், பிடிக்க முடியவில்லை. இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். மாறியது வைரஸா, சிவப்பணுவா?

சிவப்பணுதான். வைரஸ் போகும்போது எதையோ வெட்டி எடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதாவது வைரஸிடம் பிடிக்கும் கை மட்டுமல்ல, வெட்டும் கத்தரியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் மக்ஃபார்லேன் பர்னெட்டின் ஆய்வுக்கூடம் இதைத் தொடர்ந்தது. வாந்திபேதிக் கிருமியான காலராவிலிருந்து எடுத்த ஒரு நொதியைச் சிவப்பணுக்களின்மேல் ஊற்றினால், அவற்றையும் வைரஸால் பிடிக்க முடியாமல் போனது. அதே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஆல்ஃபிரட் காட்ஷால்க் முதலியோரின் ஆய்வால் பின்னர் தெளிவானது: கை பிடிப்பதும் கத்தரி வெட்டுவதும் ஒரே பொருளைத்தான். அது சயாலிக் அமிலம்.

செய்தித்தாளில் 'எச்1என்1', 'எச்5என்1' என்று படிக்கிறீர்களே, அதில் 'எச்' என்பது அந்தக் கை. 'என்' என்பது அந்தக் கத்தரி. உள்ளே நுழையக் கை வேண்டும். உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் வெளியேறும்போது அதே உயிரணுவிலேயே ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கத்தரி வேண்டும்.

மூன்றாவது கார்பனா, ஆறாவதா?

சயாலிக் அமிலம் எங்கும் ஒன்றுதான் என்றாலும் அது ஒட்டியிருக்கும் கோணம் வேறுபடுகிறது. அதன் 2ஆம் கார்பன், அடுத்துள்ள கேலக்டோஸின் 3ஆம் கார்பனோடு இணையலாம். 6ஆம் கார்பனோடும் இணையலாம். முதல் வகையை 2,3 இணைப்பு என்றும் இரண்டாவதை 2,6 இணைப்பு என்றும் சுருக்கமாகச் சொல்வோம். எண் ஒன்று மாறுவதால் நுனி நிற்கும் விதமே மாறிவிடுகிறது.

பறவைகளின் குடலில் 2,3 இணைப்பு மிகுதி. மனிதரின் மூக்கு, தொண்டை, மேல் மூச்சுக்குழாயில் 2,6 மிகுதி. பறவைக் காய்ச்சல் வைரஸின் கை 2,3 இணைப்புக்கு ஏற்றது; ஆண்டுதோறும் நமக்கு வரும் காய்ச்சல் வைரஸின் கை 2,6 இணைப்புக்கு ஏற்றது. 2004ஆம் ஆண்டு கிளந்தானில் கோழிகளிடையே எச்5என்1 பரவியபோது ஆயிரக்கணக்கான பறவைகளை அழிக்க நேர்ந்தது. ஆனாலும் அது மனிதரிடையே பரவவில்லை. மனிதரின் தொண்டையில் அதற்கேற்ற பிடி குறைவு என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் மனித நுரையீரலின் ஆழத்தில் 2,3 இணைப்பும் உண்டு. வைரஸ் எப்படியாவது அங்கே போய்ச் சேர்ந்தால் நோய் கடுமையாகிறது. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தார்கள். பன்றியின் மூச்சுக்குழாயில் இரண்டு வகை இணைப்புகளும் இருப்பதால் பறவை வைரஸும் மனித வைரஸும் அங்கே சந்தித்து மரபணுக்களை மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சுகாதார அதிகாரிகள் பண்ணைகளை இவ்வளவு உன்னிப்பாகக் கவனிப்பது வீண் கெடுபிடி அல்ல.

சர்க்கரைக்கு மரபணு இல்லை

இனி ஸ்டீராய்டுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சிறு கேள்வி. புரதத்தின் அமைப்பு மரபணுவில் எழுதியிருக்கிறது. சர்க்கரைக் கிளையின் அமைப்பு எங்கே எழுதியிருக்கிறது?

நேரடியாக எங்கும் இல்லை. கோல்கி உறுப்பில் வரிசையாக நிற்கும் நொதிகள், கடந்துபோகும் புரதத்தின்மேல் சர்க்கரைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகின்றன. தொழிற்சாலையில் பொருள் நகர நகர ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு பாகத்தைப் பூட்டுவதுபோலத்தான். எந்தத் தொழிலாளிகள் அன்று வேலைக்கு வந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பொருளின் தோற்றம் மாறும். சயாலிக் அமிலத்தை 2,6 கோணத்தில் ஒட்டுவதற்குத் தனி நொதி உண்டு. 2,3 கோணத்தில் ஒட்டுவதற்கு வேறு நொதிகள். இந்த நொதிகள் புரதங்கள். ஆகவே அவற்றுக்கு மரபணு உண்டு. மரபணு இருந்தால் அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

அப்படிக் கூட்டிக் குறைப்பதே ஸ்டீராய்டின் வேலை. இங்கே நாம் பேசுவது விளையாட்டு வீரர்கள் தசைக்காகக் கள்ளத்தனமாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு அல்ல. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. டெக்சாமெத்தாசோன் அதன் செயற்கை உறவினர். அழற்சியை அடக்குவதில் ஏறத்தாழ 25 மடங்கு வலிமையானது. கொழுப்பில் கரைவதால் உயிரணுச் சவ்வை எளிதாகக் கடக்கும். உள்ளே தனக்கென இருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, கருவுக்குள் போய், டிஎன்ஏ மீதே அமர்ந்து சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். இப்படி மாறும் மரபணுக்கள் ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். வலி குறைவது, முகம் உப்புவது, குளுக்கோஸ் ஏறுவது எல்லாம் இந்த ஒரே வேலையின் வெவ்வேறு முகங்கள்.

சர்க்கரை ஒட்டும் நொதிகளின் மரபணுக்களும் அந்தப் பட்டியலில் உண்டா? 1989இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் கல்லீரல் புற்று உயிரணுக்களை வளர்த்து அவற்றில் டெக்சாமெத்தாசோனைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2,6 கோணத்தில் சயாலிக் அமிலத்தை ஒட்டும் நொதியின் மரபணு மேலும் சுறுசுறுப்பானது, நொதியும் கூடியது. ஆக, குறைந்தது ஒரு வகை உயிரணுவில், மனிதக் காய்ச்சல் வைரஸ் விரும்பும் அதே வகைப் பிடியைச் செய்யும் நொதியை ஸ்டீராய்டு கூட்டுகிறது.

அவசர முடிவு

இதைப் படித்ததும் உங்களில் பலர் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். 'ஸ்டீராய்டு 2,6 நொதியைக் கூட்டும்; பிடி கூடும்; வைரஸ் எளிதாக நுழையும்; ஆகவே காய்ச்சல் கடுமையாகும்.' ஒவ்வொரு படியும் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் முடிவை ஏற்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், அது எலியின் கல்லீரல். காய்ச்சல் வைரஸ் நுழைவது மனிதரின் மூச்சுக்குழாய். ஒரே மரபணுவைக் கல்லீரல் ஒருவிதமாகவும் வேறு உறுப்புகள் வேறுவிதமாகவும் கட்டுப்படுத்துகின்றன. இந்த 2,6 நொதியின் மரபணுவே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கல்லீரலில் அதை முடுக்கும் விசை வேறு, சிறுநீரகத்தில் வேறு.

அடுத்து, பிடி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் இன்னும் கூடுவதால் என்ன மாறும்? பேருந்தில் பிடித்துக்கொள்ள இருபது வளையங்கள் தொங்கும்போது இருபத்தைந்தாக்கினால் பயணிகள் கூடிவிடுவார்களா? ஆய்வுக்கூடத்தில் இதற்கு இரண்டு பக்கமும் சான்று உண்டு. 2003இல் ஜெர்மனியில் ஆய்வாளர்கள் நாயின் சிறுநீரக உயிரணுக்களில் மனிதரின் 2,6 நொதி மரபணுவைக் கூடுதலாகச் செருகினார்கள். அந்த உயிரணுக்களில் மனிதக் காய்ச்சல் வைரஸ்களை வளர்ப்பதும் மருந்துகளைச் சோதிப்பதும் எளிதாயிற்று. ஆக, தட்டில் வளரும் உயிரணுவில் அந்த நொதி கூடுவது பொருட்படுத்தத் தக்கதுதான். 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நேர்மாறானது. அந்த நொதியே இல்லாத எலிகளுக்கு மனிதக் காய்ச்சல் வைரஸைக் கொடுத்தார்கள். வைரஸ் தடையின்றிப் பெருகியது. பிடித்தமான பிடி இல்லாவிட்டால் கிடைத்த பிடியை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டது.

சளியையும் மறக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் வழியும் சளியிலும் சயாலிக் அமிலம் நிறைய உண்டு. வைரஸ் உயிரணுவைத் தொடுவதற்கு முன் சளியிலுள்ள போலிப் பிடிகளில் சிக்கி, இருமலோடு வெளியேறிவிடக்கூடும். எனவே சர்க்கரை கூடினால் வைரஸுக்கு மட்டும் லாபம் என்று சொல்ல முடியாது. எந்த இடத்தில் கூடுகிறது என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது நோய் எதிர்ப்பு. வைரஸ் நுழைந்த உயிரணு இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியிட்டு அண்டை உயிரணுக்களை எச்சரிக்கும். ஸ்டீராய்டு இந்த எச்சரிக்கை மணியின் ஒலியைக் குறைக்கிறது. வாசலில் பிடி ஒன்றிரண்டு கூடுவதைவிட, வீட்டுக்குள் மணி அடிக்காமல் போவது பெரிய விஷயமாக இருக்கலாம். சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

நோயாளிகளிடம் என்ன நடந்தது?

படிப்படியாக யோசித்து எட்டிய முடிவை மனிதரிடம் சோதித்தே ஆக வேண்டும். கோவிட்-19 காலத்தில் பிரிட்டனில் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் நடத்திய 'ரிகவரி' ஆய்வு அப்படிப்பட்டது. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளில் யாருக்கு டெக்சாமெத்தாசோன் என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. 2,104 பேருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை மருந்து. 4,321 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2020 ஜூன் மாதத்தில் முடிவு வந்தது.

சுவாசக் கருவி பொருத்தப்பட்டவர்களில், மருந்து பெறாத நூறு பேரில் 41 பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 29 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டுப் பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவர் பிழைத்தார். கருவியின்றி ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் இறப்பு நூற்றுக்கு 26இலிருந்து 23ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் எந்தப் பயனும் தெரியவில்லை. அவர்களில் மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 18, பெறாதவர்களிடையே 14. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் மருந்து கொன்றது என்று சொல்ல முடியாது. ஆனால் உதவவில்லை என்பது தெளிவு.

கோவிட் வைரஸின் முக்கிய வாசல் சயாலிக் அமிலம் அல்ல. ஏசிஇ2 என்ற புரதம். அங்கும் சர்க்கரைக்குப் பங்கு உண்டு. வைரஸ் முதலில் ஹெப்பாரன் சல்ஃபேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு, பிறகே ஏசிஇ2ஐ அடைகிறது என்று 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் டெக்சாமெத்தாசோன் உயிர்களைக் காத்தது வாசலை அடைத்து அல்ல. நோயின் இரண்டாம் கட்டத்தில் நுரையீரலைக் கெடுப்பது வைரஸைவிட நம் உடலின் மிகையான எதிர்ப்புதான். அதை ஸ்டீராய்டு தணித்தது. முதல் கட்டத்தில் அதே எதிர்ப்பு நமக்கு வேண்டியது. மருந்து ஒன்றுதான், அது வந்த நேரம் வேறு.

அப்படியானால் இன்ஃபுளுவென்சாவுக்கும் கொடுக்கலாமே என்று தோன்றும். கடுமையான காய்ச்சலில் ஸ்டீராய்டு பெற்ற நோயாளிகள் அதிகமாக இறந்ததாகப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் அவை பெரும்பாலும் குலுக்கல் இல்லாதவை. மோசமான நிலையில் இருந்தவருக்கே மருத்துவர் ஸ்டீராய்டைக் கொடுத்திருப்பார். டியூஷன் போகும் மாணவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவு என்று ஒருவர் கணக்கெடுத்து, டியூஷன்தான் அவர்களைக் கெடுத்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? பின்தங்கியதால்தானே அவர்கள் டியூஷனுக்குப் போனார்கள்! இந்தச் சிக்கல் இருப்பதால், இன்ஃபுளுவென்சாவுக்கு மட்டும் என்று ஸ்டீராய்டு கொடுப்பதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

சர்க்கரையைக் குறிவைத்த மருந்துகள்

தற்செயலாக அல்லாமல், வேண்டுமென்றே இந்தச் சர்க்கரையைக் குறிவைத்த மருந்துகளும் உண்டு. வைரஸின் கத்தரி எப்படிச் சயாலிக் அமிலத்தைப் பிடித்து வெட்டுகிறது என்பதன் முப்பரிமாண அமைப்பை ஆஸ்திரேலியர்கள் 1983இல் கண்டறிந்தார்கள். அந்தக் கத்தரியின் வாய்க்குள் பொருந்தி அதை அடைத்துக்கொள்ளும்படி, சயாலிக் அமிலத்தைப் போலவே தோன்றும் ஒரு பொருளைச் செய்தார்கள். அதுதான் ரெலன்ஸா என்ற பெயரில் விற்கும் சனாமிவிர். டாமிஃபுளு எனப்படும் ஓசல்டாமிவிரும் அதே வழியில் வந்தது. கத்தரி அடைபட்டால் புதிய வைரஸ்கள் பிறந்த உயிரணுவிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். நோய் தொடங்கி இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் இம்மருந்துகள் நன்றாக உதவும்.

இன்னொரு துணிச்சலான முயற்சி, மூச்சுக்குழாயிலிருந்தே சயாலிக் அமிலத்தைச் சுரண்டி எடுப்பது. வாயில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதியிலிருந்து செய்த டிஏஎஸ்181 என்ற மருந்தைக் காய்ச்சல் நோயாளிகளுக்கு முகரக் கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, தொண்டையில் வைரஸின் அளவு குறைந்தது. ஆனால் நோயாளிகள் மற்றவர்களைவிட விரைவில் நலம் பெற்றதாகத் தெரியவில்லை. பிடியை நேராகவே பறித்தபோதும் கதை இவ்வளவுதான் என்றால், ஸ்டீராய்டு சுற்றுவழியில் செய்யும் சிறு மாற்றத்தை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்பது புரியும்.

கடைசியாக, வீட்டுக்கு உடனே தேவைப்படும் இரண்டு செய்திகள். உங்களில் ஆஸ்துமா உள்ளவர்கள் நாள்தோறும் முகரும் மருந்தில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அதன் அளவு சிறியது, நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. இக்கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்தாதீர்கள். நிறுத்தியபின் காய்ச்சல் வந்தால் மூச்சுத்திணறல்தான் முதலில் வரும்.

இன்னொன்று, பாட்டியின் மாத்திரை. அதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பறித்துக் குப்பையில் போட்டுவிடத் தோன்றும். அது தவறு. வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், உடலின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உறங்கிவிடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சுரப்பி உடனே விழிக்காது. அந்த நேரத்தில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை அதன் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு பாட்டியையும் அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். எத்தனை மாதமாக, நாளொன்றுக்கு எத்தனை மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். அந்தக் கணக்கைப் பார்த்தே அளவை எத்தனை வாரத்தில் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் முடிவு செய்வார்.